டிக் குறைபாடும் உணவும் சூழலும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்ணை ஓயாமல் சிமிட்டுவது, மூக்கைச் சுளிப்பது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது போன்ற அசைவுகளும் ஒலிகளும் ஒரு பிள்ளையிடம் திடீர் திடீரென்று, திரும்பத் திரும்ப வந்தால் அவற்றை மருத்துவர்கள் டிக் என்கிறார்கள். குறைபாடு இன்னதென்று தெரிந்தவுடன் பெரும்பாலான பெற்றோர் முதலில் கேட்பது, "என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும்" என்பதுதான். தம் கையால் செய்யக்கூடியது எதுவோ அதைத் தேடுவது பெற்றோருக்கு இயல்பு. உணவுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது சிறியது. உறக்கம், பதற்றம், வீட்டாரும் பள்ளியும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றின் பங்கு அதைவிடப் பெரியது. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

டிக் குறைபாடும் டூரெட் நோய்க்குறியும் ஒன்றா?

டூரெட் என்பது டிக் குறைபாடுகளில் ஒரு வகை. பல உடல் அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு ஒலி டிக்கும் இருந்து, 18 வயதுக்கு முன் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்பார்கள். அசைவு மட்டுமோ ஒலி மட்டுமோ ஓராண்டைக் கடந்து நீடித்தால் அது நீடித்த டிக் குறைபாடு. ஓராண்டு நிறையாதது தற்காலிக டிக் குறைபாடு. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜில் த லா டூரெட் 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியதால் அவர் பெயர் இதற்கு வந்தது.

பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்தை எட்டி, பதின்ம வயதின் பின்பகுதியில் பலருக்குக் கணிசமாகக் குறைந்துவிடும். ஆண் பிள்ளைகளிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளை நரம்புச் சுற்றுகள் சற்று வேறுவிதமாக இயங்குவதே காரணம் என்று கருதப்படுகிறது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே நீங்கள் கொடுத்த ஏதோ ஒரு தின்பண்டத்தாலோ, கண்டித்து வளர்க்காததாலோ இது வந்துவிடவில்லை. அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வைக்க வேண்டும்.

டிக் வருவதற்குச் சற்று முன் அந்த இடத்தில் ஓர் அரிப்பு போன்ற, இறுக்கம் போன்ற உந்துதல் எழுவதாகப் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் பலர் சொல்கிறார்கள். தும்மல் வரும்போது அதை அடக்க முயல்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். சிறிது நேரம் அடக்க முடியும், அடக்கிக்கொண்டே இருக்க முடியாது. "வேணும்னுதான் செய்கிறான்" என்ற குற்றச்சாட்டு எழுவது அந்தச் சிறிது நேரத்தைப் பார்த்துத்தான்.

ஒரு பொருளை நிறுத்தியதும் டிக் நின்றுவிட்டது என்று பலர் சொல்கிறார்களே?

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் டிக்கின் இயல்பே ஏறி இறங்குவதுதான். சில வாரங்கள் கூடும், பின் தானாகவே தணியும், ஒரு டிக் மறைந்து வேறொன்று வரும். பெற்றோர் ஒரு மாற்றத்தைச் செய்யத் துணிவது எப்போது என்று எண்ணிப் பாருங்கள்: நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான். அந்த நேரத்தில் பாலை நிறுத்தியிருந்தாலும், தாயத்துக் கட்டியிருந்தாலும், எதுவுமே செய்யாதிருந்தாலும் அடுத்த சில வாரங்களில் இறக்கம் வந்திருக்கும். கடைசியாகச் செய்ததற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வுகளை நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், உணவைப் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

காபி, டீ, குளிர்பானம் கொடுக்கலாமா?

உணவுப் பொருள்களில் ஓரளவு அடிப்படையுடன் எச்சரிக்கக்கூடியது காஃபின்தான். டூரெட் உள்ளவர்களிடம் ஜெர்மனியில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஒரு கேள்வித்தாள் ஆய்வில், காபி, கறுப்புத் தேநீர், கோலா பானங்கள் ஆகியவற்றை அருந்திய பின் டிக் கூடுவதாகக் கணிசமானவர்கள் கூறினார்கள். அது அவர்கள் தாமே உணர்ந்து சொன்னது. அளந்து பார்த்த முடிவன்று. ஆயினும் காஃபின் உறக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. அவை இரண்டுமே டிக்கைக் கூட்டுபவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபினும், அதே அளவு தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் இருக்கும். நம் வீடுகளில் பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் காபியோ டீயோ கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. டிக் உள்ள பிள்ளைக்கு அந்த மாலை நேரத்துக் காபியைப் பாலாகவோ மோராகவோ மாற்றுவது செலவில்லாத, தீங்கில்லாத சோதனை. எனர்ஜி டிரிங்க் எனப்படும் பானங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இனிப்பு, செயற்கை நிறம், அஜினோமோட்டோ ஆகியவை டிக்கைக் கூட்டுமா?

வெள்ளைச் சர்க்கரையும் மேற்சொன்ன கேள்வித்தாள் ஆய்வில் இடம்பெற்றது. ஆனால் சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுகிறதா என்று சோதித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் வெளியான அலசல், அப்படி ஒரு விளைவைக் காணவில்லை. பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட பிள்ளைக்கு டிக் கூடியது என்றால், கேக்கோடு சேர்ந்து அங்கே சத்தமும், கூட்டமும், தள்ளிப்போன உறக்கமும் இருந்தன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செயற்கை நிறங்களைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வு. சில நிறமிகளும் ஒரு பதப்படுத்தியும் கலந்த பானம் சில பிள்ளைகளிடம் துறுதுறுப்பைக் கூட்டியது என்று அது கண்டது. டிக்கை அது ஆராயவில்லை. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் அந்த நிறமிகள் கலந்த பொருள்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததற்குக் காரணம், உணவில் சேர்க்கவே கூடாத ரோடமின்-பி என்னும் சாயம். அது வேறு கதை, டிக்கோடு அதைச் சேர்க்க வேண்டாம். பளிச்சென்ற நிறத் தின்பண்டங்களைக் குறைப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. டிக் நிற்கும் என்று எதிர்பார்த்துக் குறைக்க வேண்டாம். அஜினோமோட்டோவை டிக்கோடு இணைக்கும் நம்பகமான சான்று ஏதுமில்லை.

கோதுமை, பால் ஆகியவற்றை முழுதாக நிறுத்திப் பார்க்கலாமா?

மருத்துவர் ஆலோசனையின்றி வேண்டாம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இல்லாத உணவால் டிக் குறைந்ததாக ஸ்பெயினில் 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் 29 பேர். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. ஏறி இறங்கும் ஒரு குறைபாட்டில் அத்தகைய ஆய்வின் முடிவுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை மேலே பார்த்தோம். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் செலியாக் நோய் இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் குளூட்டனை நிறுத்தத்தான் வேண்டும். அது அந்த நோய்க்காக.

சிறு பிள்ளையிடமிருந்து பாலையும் தயிரையும் பறித்துவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கும் புரதத்துக்கும் மாற்று வழி தேட வேண்டியிருக்கும். டிக்குக்காக மருந்து எடுக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பசி கூடும், சிலருக்கு எடை ஏறும். அவர்களின் உணவு ஏற்கெனவே கவனம் தேவைப்படும் நிலையில் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது வேறொன்று. பந்தியில் எல்லோரும் பாயசம் சாப்பிடும்போது ஒரு பிள்ளையின் இலைக்கு மட்டும் அது வரவில்லை என்றால், தன் கண் சிமிட்டலுக்குத் தண்டனை கிடைத்ததாகவே அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். தண்டனை உணர்வு பதற்றத்தைக் கூட்டும். பதற்றம் டிக்கைக் கூட்டும்.

மெக்னீசியம், வைட்டமின் மாத்திரை, மீன் எண்ணெய் பயன் தருமா?

இதுவரை இவற்றில் எதுவும் டிக்கைக் குறைப்பதாக உறுதியாக நிறுவப்படவில்லை. மெக்னீசியமும் வைட்டமின் பி6-உம் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் மிகச் சிறியவை. ஒமேகா-3 மீன் எண்ணெயை 33 பிள்ளைகளிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில் டிக்கின் அளவு குறையவில்லை. டிக்கால் ஏற்படும் அன்றாடச் சிரமம் மட்டும் சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்னும் துணைப்பொருளைப் பிள்ளைகளிடம் சோதித்த 2016-ஆம் ஆண்டு ஆய்விலும் பலன் இல்லை.

மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைப்பதால் இவை தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. பி6-ஐ நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரமரப்பு வரும். மெக்னீசியம் கூடினால் வயிற்றுப்போக்கு ஏற்படும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இரும்புச் சத்துக் குறைவுக்கும் டிக்குக்கும் தொடர்பு உண்டா?

டிக் உள்ள பிள்ளைகள் சிலரிடம் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைவாக இருந்ததைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அதுதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புக் குறைவு கவனத்தையும் உறக்கத்தையும் பாதிக்கக்கூடியது. டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதை நான் பரிந்துரைப்பேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, ஈரல் ஆகியவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்க வேண்டும். இரும்பு மாத்திரையின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பிள்ளைக்கு எது கூட்டுகிறது என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். நாள்தோறும் இரவில் மூன்று நான்கு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், பள்ளியில் என்ன நடந்தது, புதிதாக என்ன சாப்பிட்டான், அன்றைய டிக் குறைவா, நடுத்தரமா, அதிகமா. உதாரணமாக ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "திங்கள். கணக்குப் பரீட்சை. முந்தின இரவு 11 மணிக்குத்தான் தூங்கினான். மாலையில் கோலா. தொண்டைச் செருமல் அதிகம்." இதைப் படித்துவிட்டுக் கோலாவைப் பிடித்துக்கொள்வது எளிது, பரீட்சையும் உறக்கக் குறைவும் அதே வரிகளில் இருக்கின்றன. இரண்டு மூன்று வாரம் எதையும் மாற்றாமல் எழுதிய பிறகு, ஒரே ஒரு பொருளை நிறுத்தி இன்னும் சில வாரம் பாருங்கள். பின்பு அதே பொருளைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். திரும்பக் கொடுத்தபோதும் வித்தியாசம் தெரிந்தால்தான் சந்தேகத்துக்கு இடமுண்டு.

பிள்ளையின் முன் உட்கார்ந்து டிக்கை எண்ண வேண்டாம். யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வே அதைக் கூட்டும்.

வெயில், உறக்கம், உடற்பயிற்சி, திரை ஆகியவை எப்படிப் பாதிக்கின்றன?

சிலருக்கு வெப்பம் கூடும்போது டிக் கூடுவதை 1990-களிலிருந்து சில ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் காற்றோட்டமில்லாத வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. மின்விசிறியை ஒட்டிய இருக்கை, தண்ணீர் பாட்டில், இறுக்கமில்லாத காலர் ஆகியவை உதவும். கழுத்தைத் திருப்பும் டிக் உள்ள சில பிள்ளைகளுக்கு இறுகிய காலரும் முதுகில் உறுத்தும் சட்டை லேபிளுமே உந்துதலைத் தூண்டிவிடும்.

உறக்கம் குறைந்தால் அடுத்த நாள் டிக் கூடுவதைப் பல குடும்பங்கள் கவனித்திருக்கின்றன. தினமும் ஒரே நேரத்தில் படுக்கவைப்பது எந்தப் பத்திய உணவையும்விடப் பயன் தரும் என்பது என் துணிபு. உடற்பயிற்சி செய்யும்போதும் செய்து முடித்த சிறிது நேரமும் டிக் குறைந்ததை 18 இளையோரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மனம் ஒன்றிச் செய்யும் எதுவும், மிருதங்கமோ கேரமோ கால்பந்தோ, பலருக்கு டிக்கைத் தற்காலிகமாகத் தணிக்கும். அமெரிக்கக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த டிம் ஹோவர்டுக்கு டூரெட் உண்டு. உலகக் கோப்பையில் விளையாடுவதை அது தடுக்கவில்லை.

திரையைப் பொறுத்தவரை பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. பரபரப்பான விளையாட்டில் சிலருக்குக் கூடும், சிலருக்கு அடங்கும். இரவில் கைபேசி உறக்கத்தைத் தின்றுவிடுவதுதான் முக்கியமான தீங்கு.

டிக் வரும்போது "செய்யாதே" என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. சுற்றுச்சூழல் என்றதும் நாம் தூசி, புகை, வெயில் என்று நினைக்கிறோம். டிக்கைப் பொறுத்தவரை மிக வலிமையான சூழல் காரணி பக்கத்தில் இருக்கும் மனிதர்கள்தான். டூரெட் உள்ள இரண்டு சிறுவர்களிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஒரு நுணுக்கமான ஆய்வில், அவர்கள் எதிரில் டிக்கைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஒலி டிக்குகள் கூடின. பேச்சு வேறு விஷயத்துக்கு மாறியபோது குறைந்தன. நம் வீட்டில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சாப்பிட உட்கார்ந்ததும் பாட்டி, "ஏன்டா கண்ணா, இன்னிக்கு ரொம்ப சிமிட்டுற?" என்கிறார். அது அன்பில் வந்த கேள்வி. அப்பா முறைக்கிறார். அக்கா அதைச் செய்து காட்டிச் சிரிக்கிறாள். அம்மா டாக்டர் சொன்னதை ஊரிலிருந்து வந்த சித்திக்கு விளக்குகிறார். தட்டில் இருந்த சாப்பாட்டுக்கும் அதன்பின் கூடிய சிமிட்டலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வீட்டுப்பாடம் செய்யும்போது டிக் வந்தால், "சரி, போய் விளையாடு" என்று விட்டுவிடுவதும், டிக் வரும்போதெல்லாம் மடியில் இழுத்து அணைப்பதும் பிள்ளை அறியாமலேயே டிக்கை நிலைநிறுத்தக்கூடும். அணைப்பும் ஓய்வும் தேவைதான். அவற்றை டிக்கோடு முடிச்சுப் போடாமல் பொதுவாகக் கொடுங்கள். இந்த முறையை வீட்டிலுள்ள எல்லோரும், வந்துபோகும் உறவினர் உட்பட, ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளை தானாகவே டிக்கைப் பற்றிப் பேச வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். கண்டுகொள்ளாமல் இருப்பது டிக்கை மட்டுமே, பிள்ளையை அன்று.

பள்ளியில் என்ன சொல்ல வேண்டும்?

வகுப்பாசிரியரிடம் நேரில் பேசி, மருத்துவரின் ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுங்கள். மூன்று விஷயங்கள் அவருக்குத் தெரிந்தால் போதும்: இது வேண்டுமென்று செய்வதில்லை, கண்டித்தால் கூடும், பிள்ளை நினைத்தபோது தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி வேண்டும். நாள் முழுதும் அடக்கியதால் அது பின்பு பல மடங்காகத் திரும்பும் என்ற அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அடக்குவதிலேயே கவனம் செலவாகிவிட்டால் கணக்கு எப்படி மண்டையில் ஏறும்? டிக் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கவனக்குறைவுக் கோளாறோ (ADHD) எண்ணச் சுழற்சி நோயோ (OCD) உடன் இருக்கும். படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் டிக்கைவிட அவைதான்.

தொண்டைப் புண் வந்த பிறகு டிக் தொடங்கியது. தொடர்பு உண்டா?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றுக்குப் பின் டிக்கும் கட்டாய எண்ணங்களும் ஓரிரு நாளில் வெடித்துக் கிளம்பிய 50 பிள்ளைகளைப் பற்றி 1998-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோ குழுவினர் எழுதினார்கள். அத்தகைய நிலை அரிது. அதைப் பற்றி மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நீடித்த டிக் உள்ள 700-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கிருமித் தொற்றுக்கும் டிக் கூடுவதற்கும் தொடர்பு தென்படவில்லை. தொண்டைப் புண்ணுக்குச் சிகிச்சை எடுங்கள்; டிக்குக்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள். சளிக்காகக் கொடுக்கப்படும், சூடோஎஃபெட்ரின் கலந்த மூக்கடைப்பு மருந்துகள் சிலருக்கு டிக்கைக் கூட்டலாம் என்பதால் மருத்துவரிடம் டிக் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

உணவையும் சூழலையும் சரிசெய்தால் சிகிச்சை தேவையில்லையா?

டிக் லேசாக இருந்து, பிள்ளைக்கு வலியோ கூச்சமோ இடையூறோ இல்லையென்றால் சிகிச்சையே இல்லாமல் கவனித்துவரலாம். இடையூறு இருந்தால் முதலில் பரிந்துரைக்கப்படுவது டிக்குக்கான விரிவான நடத்தைச் சிகிச்சை. உந்துதலை முன்கூட்டியே உணர்ந்து, டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத ஓர் அசைவை அந்த நேரத்தில் செய்யப் பழகுவது அதன் ஒரு பாதி. தோளைக் குலுக்கும் டிக் என்றால் முழங்கையை விலாவோடு மெல்ல அழுத்திக்கொள்வது ஓர் எடுத்துக்காட்டு. எந்தச் சூழலில் டிக் கூடுகிறது என்று கண்டு அந்தச் சூழலை மாற்றுவது மறுபாதி. நீங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது இங்கே நேரடியாகப் பயன்படும். 126 பிள்ளைகளிடம் நடந்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினரும், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 18.5 விழுக்காட்டினரும் தெளிவான முன்னேற்றம் கண்டனர். எந்த உணவு முறைக்கும் இத்தகைய சான்று இல்லை. போதாதபோது குளோனிடின், அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார்.

வேறு முறை மருந்துகள் எடுத்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொடிகளையும் செந்தூரங்களையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருந்தால் அவை வளரும் மூளையையே பாதிக்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கண் சிமிட்டல் என்றால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டி, பார்வைக் குறைவும் ஒவ்வாமையும் இல்லையென்று உறுதி செய்வது நல்லது. தொண்டைச் செருமலுக்கும் மூக்கை உறிஞ்சுவதற்கும் அப்படியே ஆஸ்துமாவும் சளியும் இல்லையென்று பார்க்க வேண்டும். கழுத்து வெட்டி இழுப்பதால் வலி, பள்ளிக்குப் போக மறுப்பது, தன்னைத்தானே அடித்துக்கொள்வது, சோர்ந்து ஒதுங்குவது ஆகியவை இருந்தால் குழந்தை நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் செல்லுங்கள். அசைவின்போது நினைவு தப்பினாலோ, நடை தடுமாறினாலோ, பதின்ம வயதில் முதன்முறையாகப் பெரிய வீச்சான கை கால் அசைவுகள் ஒரே நாளில் தொடங்கினாலோ அது வேறொன்றாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் உடனே காட்ட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும், வீட்டில் இயல்பாக இருந்தபோது எடுத்த ஓரிரு நிமிடக் கைபேசிக் காணொளியையும் கொண்டுபோங்கள். மருத்துவரின் அறையில் பல பிள்ளைகளுக்கு டிக் வரவே வராது.